ஸ்டியரிங்கை விட்டுவிட்டு ஓடும் பேருந்து

ஒரு பேருந்து மணிக்கு ஏறக்குறைய 90 கி.மீ. வேகத்தில் போகிறது. ஓட்டுநரோ ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துவிட்டார். ஆனாலும் வண்டி ஓர் அங்குலம்கூட வழி விலகவில்லை. நம்ப முடிகிறதா?

இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகரத்துக்கும் செயின்ட் ஐவ்ஸ் என்ற சிற்றூருக்கும் இடையே முன்பு ரயில் ஓடியது. 1970இல் பயணிகள் ரயிலை நிறுத்திவிட்டார்கள். பின்னர் சரக்கு ரயிலும் நின்றுபோக, பாதை மட்டும் சும்மா கிடந்தது.

ஆனால் ரயில் பாதை என்றால் லேசுப்பட்ட இடமா? ரயிலால் செங்குத்தாக ஏற முடியாது, சட்டென்று திரும்பவும் முடியாது. அதனால் பாதையைச் சமமாக, கூடிய மட்டும் நேராகப் போட்டிருப்பார்கள். வீடு, கடை எதுவும் குறுக்கே வராத அப்படியொரு நீளமான நிலம் இன்று தேடினாலும் கிடைக்காது. அதில்தான் 2011இல் இந்தப் பேருந்தை விட்டார்கள். நகரத்துக்குத் தெற்கே இருந்த இன்னொரு பழைய ரயில் பாதையையும் சேர்த்துக்கொண்டார்கள்.

சரி, சூட்சுமத்துக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

தரையில் இரண்டு கான்கிரீட் பட்டைகள். டயர்கள் அவற்றின்மேல் ஓடும், நடுவில் புல் வளரும். ஒவ்வொரு பட்டையின் வெளி ஓரத்திலும் சுமார் 18 செ.மீ. உயரத்துக்கு ஒரு விளிம்பு. பேருந்தின் முன்சக்கரங்களை ஒட்டி, இரண்டு பக்கமும் ஒரு சின்னச் சக்கரம் படுத்தவாக்கில் நீட்டிக்கொண்டிருக்கும். அது அந்த விளிம்பை உரசியபடி உருளும்.

கரண்ட் போன இரவில் வீட்டுக்குள் எப்படி நடப்பீர்கள்? சுவரைக் கையால் தடவிக்கொண்டே, இல்லையா? அந்தச் சின்னச் சக்கரம்தான் பேருந்தின் கை.

பாதை இடப்பக்கம் வளைகிறது என்று வையுங்கள். வலப்பக்க விளிம்பு சின்னச் சக்கரத்தை இடப்பக்கமாகத் தள்ளும். அதை முன்சக்கரத்தோடு இரும்புக் கம்பியால் இணைத்திருக்கிறார்கள். ஆகவே முன்சக்கரமும் இடப்பக்கம் திரும்பும். புரிந்ததா? இல்லையென்றால் ஒரு தாளில் படம் போட்டுப் பாருங்கள். அவசரமே இல்லை.

"அப்படியானால் ஓட்டுநர் எதற்கு மாமா?" கெட்டிக்காரக் கேள்வி! வேகத்தைக் கூட்டுவதும் பிரேக் போடுவதும் அவர்தானே.

"பேசாமல் ரயிலையே மறுபடி விட்டிருக்கலாமே?" இதையே கேட்டு வாதாடியவர்கள் அந்த ஊரிலும் உண்டு. ஆனால் ரயில் தண்டவாளத்தைவிட்டு இறங்காது. இந்தப் பேருந்து பட்டை முடிந்ததும் சாதாரண ரோட்டில் ஏறிவிடும். ஓட்டுநர் ஸ்டியரிங்கைப் பிடித்துக் கடைத்தெரு வரை கொண்டுபோவார். வண்டி மாற வேண்டியதில்லை. எனக்கு இது நல்ல யோசனையாகத்தான் படுகிறது.

இந்தப் பாதையில் தெரியாமல் ஒரு கார் நுழைந்தால்? அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். பாதை தொடங்கும் இடத்தில் நடுவே ஒரு பள்ளம். பேருந்தின் இடச் சக்கரத்துக்கும் வலச் சக்கரத்துக்கும் இடைவெளி அதிகம், அதனால் பள்ளத்தை நடுவில் விட்டுத் தாண்டிவிடும். காருக்கு அந்த இடைவெளி குறைவு. அதன் சக்கரம் பள்ளத்தில் இறங்கி அங்கேயே நின்றுவிடும்.