காளான் தின்னும் அந்துப்பூச்சி சொல்லும் பாடம்

கம்பளித் துணியை அரிக்கும் அந்துப்பூச்சியைப் பலரும் அறிவார்கள். அதே குடும்பத்தைச் சேர்ந்த ஒரு சிறு பூச்சி துணியையும் தொடாது, தானியத்தையும் தொடாது. மரத்தில் வளரும் காளானே அதன் புழுவுக்கு உணவு. 'அக்னதோசியா மெண்டிசெல்லா' என்பது அதன் விஞ்ஞானப் பெயர். பின்லாந்து போன்ற வட ஐரோப்பிய நாடுகளின் பழைய காடுகளில் அது வாழ்கிறது. நம் பயிருக்கும் அதற்கும் தொடர்பு இல்லை. ஆனால் விவசாயிகள் அறிய வேண்டிய செய்தி ஒன்று அதன் வாழ்க்கையில் இருக்கிறது.

ஒன்றை நம்பி ஒன்று

பின்லாந்துக் காடுகளில் ஸ்புரூஸ் என்னும் ஊசியிலை மரம் மிகுதி. முதிர்ந்த மரம் சாய்ந்து, அப்படியே கிடந்து மட்கும்போது அதன்மேல் தட்டுப் போன்ற காளான் வளர்கிறது. இது குடைக் காளான்போல் ஓரிரு நாளில் வாடிவிடாது. கட்டைபோல் இறுகிப் பல ஆண்டுகள் இருக்கும். இதன் அடிப்புறம் இளஞ்சிவப்பாக இருக்கும். அந்துப்பூச்சியின் புழு இதைக் குடைந்து தின்று வளர்கிறது.

அந்தப் புழுவுக்கும் ஓர் எதிரி உண்டு. 'எல்பியா சிங்குலேட்டா' என்ற ஒட்டுண்ணி ஈயின் இளம்புழு, அந்துப்பூச்சிப் புழுவின் உடலுக்குள் வளர்ந்து அதைக் கொன்றுவிடும்.

ஆக, சாய்ந்த மரத்தை நம்பிக் காளான். காளானை நம்பி அந்துப்பூச்சி. அந்துப்பூச்சியை நம்பி ஈ.

முதலில் மறைவது எது?

மரம் வெட்டுவதால் காடு சிறு சிறு துண்டுகளாகிவிட்டால் இவற்றின் கதி என்ன? இல்க்கா ஹான்ஸ்கி உள்ளிட்ட பின்லாந்து விஞ்ஞானிகள் இதை ஆராய்ந்து, 2000-ம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். பெரிய காட்டைவிடத் துண்டுக் காடுகளில் அந்துப்பூச்சி குறைவாகவே இருந்தது. பிரிந்து 12 முதல் 32 ஆண்டுகள் ஆன துண்டுகளில் காளான் இருந்தது. ஆனால் ஒட்டுண்ணி ஈ அறவே இல்லை. இரை குறைந்து, இடமும் சிதறிப் போனதால், சங்கிலியின் கடைசியில் இருப்பதே முதலில் மறைந்தது.

நம் தோப்பில்

நம் தோப்புகளிலும் வயல்களிலும் காரணம் வேறு. ஆனால் நிலை இதுவே. பூச்சிமருந்தைக் கண்டபடி தெளித்தால், புழுவோடு அதைக் கொல்லும் ஒட்டுண்ணியும் மடிகிறது. புழு விரைவில் மீண்டும் பெருகிவிடும். ஒட்டுண்ணி அத்தனை விரைவில் திரும்புவதில்லை. தென்னையில் கருந்தலைப் புழுவைக் கட்டுப்படுத்தப் பெத்திலிட், பிரக்கோனிட் ஒட்டுண்ணிகளை விடுவோர் இதை மனத்தில் கொள்ள வேண்டும். மருந்து தெளித்த கையோடு ஒட்டுண்ணியை விட்டால் செலவு வீண். மருந்தின் வீரியம் தணிந்த பிறகே விட வேண்டும்.

ஓர் எச்சரிக்கை

காட்டில் கிடக்கும் மரத்துக் காளானால் கேடு இல்லை. ஆனால் உயிருள்ள தென்னையின் அடிமரத்தில் தட்டுக் காளான் தோன்றினால், அது தஞ்சாவூர் வாடல் நோயின் அடையாளம். அதை அலட்சியப்படுத்தக் கூடாது. முற்றிலும் பட்டுப்போன மரத்தை வேரோடு அகற்றி எரிக்க வேண்டும். சுற்றியுள்ள மரங்களுக்கு ஆண்டுக்கு 5 கிலோ வேப்பம் பிண்ணாக்கு இடுவது நல்லது. எந்தக் காளானை விட்டுவைப்பது, எதை அகற்றுவது என்று அறிந்து செய்வதே தோப்புக்குப் பாதுகாப்பு.