இமயமலையில் பனி மனிதன்! உண்மையா? கட்டுக்கதையா?

ஆள் உயரத்துக்கும் மேலான உயரம். உடம்பு முழுவதும் சடை சடையாக முடி. மனிதனைப் போலவே இரண்டு காலால் நடை. வசிப்பதோ பனி மூடிய மலையில்!

இதுதான் "யெட்டி" என்னும் பனி மனிதன்.

நேபாள நாட்டின் இமயமலைப் பகுதியில் ஷெர்ப்பா என்ற மக்கள் வாழ்கிறார்கள். எவரெஸ்ட் சிகரத்தில் ஏறுகிறவர்களுக்கு வழிகாட்டுபவர்கள் இவர்கள்தான். இவர்கள் தலைமுறை தலைமுறையாக யெட்டியின் கதையைச் சொல்லி வருகிறார்கள்.

பெண் யெட்டி துரத்தினால் மலைச்சரிவில் கீழ்நோக்கி ஓட வேண்டுமாம். அப்போது அதன் தலைமுடி முன்னால் விழுந்து கண்ணை மறைத்துவிடுமாம்!

பெயர் வந்தது எப்படி?

1921-ம் ஆண்டு, எவரெஸ்டுக்கு வழி தேடி ஓர் ஆங்கிலேயக் குழு சென்றது. அதன் தலைவர் ஹோவர்டு பரி. 20 ஆயிரம் அடிக்கு மேலே, பனியில் பெரிய கால்தடங்களை அவர்கள் கண்டார்கள்.

"அது ஓநாயின் தடமாக இருக்கும்" என்று பரி கருதினார். சுமை தூக்கி வந்தவர்களோ, அது பனிக்காட்டு மனிதனின் தடம் என்றார்கள்.

கல்கத்தா பத்திரிகை நிருபர் ஹென்றி நியூமன் இதைக் கேட்டார். "அருவருப்பான பனி மனிதன்" என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரைச் சூட்டி எழுதினார். அவ்வளவுதான்! உலகம் முழுவதும் பரபரப்பு!

1951-ல் எரிக் ஷிப்டன் என்ற மலையேறும் வீரர், பனியில் கண்ட ஒரு கால்தடத்தைப் படம் பிடித்தார். அதன் நீளம் ஓர் அடிக்கு மேல்! பரபரப்பு இன்னும் கூடியது.

விமானம் ஏறிய மண்டைத்தோல்

எவரெஸ்டை வென்ற ஹில்லாரி, 1960-ல் யெட்டியைத் தேடிப் புறப்பட்டார்.

கும்ஜுங் என்ற ஷெர்ப்பா கிராமத்தின் புத்த மடாலயத்தில், "யெட்டியின் மண்டைத்தோல்" என்று ஒன்றைப் பயபக்தியோடு பாதுகாத்து வந்தார்கள். கூம்பு வடிவம், செம்பழுப்பு முடி.

அதை வெளியே அனுப்ப ஊர் மக்களுக்கு மனம் வரவில்லை. நீண்ட பேச்சுக்குப் பிறகு சம்மதித்தார்கள். ஊர்ப் பெரியவர் குஞ்ஜோ சும்பியும் கூடவே விமானம் ஏறினார். சிகாகோ, பாரிஸ், லண்டன் நகரங்களில் நிபுணர்கள் சோதித்தார்கள்.

முடிவு என்ன? அது "சீரோ" என்ற மலையாட்டு இனத்தின் தோல்! வேறு ஒரு சீரோவின் தோலைக் கொண்டு, அதே போன்ற ஒன்றைச் செய்தும் காட்டினார் ஹில்லாரி.

யெட்டி அகப்படவில்லை. ஆனால் ஊருக்கு ஒரு நன்மை கிடைத்தது. ஷெர்ப்பாக்கள் கேட்டுக்கொண்டபடி, 1961-ல் ஹில்லாரி கும்ஜுங்கில் ஒரு பள்ளிக்கூடம் கட்டிக் கொடுத்தார்!

கரடியின் வேலை!

2017-ல் சார்லட் லிண்ட்குவிஸ்ட் என்ற விஞ்ஞானியின் ஆராய்ச்சி வெளிவந்தது. யெட்டியுடையவை என்று சொல்லப்பட்ட முடி, எலும்பு, பல் முதலிய 9 பொருள்களின் மரபணுவை அவர் குழு சோதித்தது. அவற்றில் 8 கரடியுடையவை. ஒன்று நாயுடையது!

அப்படியானால் அந்தக் கால்தடங்கள்?

கரடி நடக்கும்போது, முன்கால் பதிந்த இடத்திலேயே பின்காலும் பதிவது உண்டு. இரண்டு தடமும் சேர்ந்து ஒரே நீண்ட தடமாகும். பார்த்தால் இரண்டு காலால் நடந்தது போல் தோன்றும். வெயிலில் பனி உருகினால், சிறிய தடமும் பெரிதாகிவிடும்.

இல்லாத யெட்டியைத் தேடி எத்தனையோ பேர் மலை ஏறினார்கள். ஆனால் கண்ணெதிரே இருக்கும் இமயமலைப் பழுப்புக் கரடியோ, அழிந்துபோகும் அபாயத்தில் இருக்கிறது. காப்பாற்ற வேண்டியது அதைத்தான்.

கும்ஜுங் மடாலயத்துக்குப் போகிறவர்கள் அந்த மண்டைத்தோலை இன்றும் பார்க்கலாம். பெட்டியில் வைத்துப் பூட்டியிருக்கிறார்கள். விஞ்ஞானிகள் என்ன சொன்னாலும், ஊராருக்கு அது யெட்டியின் தலைதான்!