எழுத்தும் உணர்ச்சியும்

மக்கள் எழுதுவது எதன்பொருட்டு? புகழ் வேண்டி எழுதுவார் சிலர். பொருள் வேண்டி எழுதுவார் சிலர். கற்றதை மறவாதிருத்தற்பொருட்டு எழுதுவாரும் உளர். இவையெல்லாம் எழுதுவோன் தன்னளவில் நின்றுவிடும் காரணங்களாம். இவற்றினும் சிறந்த காரணம் ஒன்றுண்டு. தன் துன்பத்தைத் தானே எடுத்துரைக்க இயலாத ஒருவனைக் காணுங்கால், அவன்பொருட்டு நாம் வாய்திறக்கக் கடமைப்படுகின்றோம். இதற்குச் சான்று தேடி நெடுந்தூரம் செல்லவேண்டுவதில்லை; இராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரையூராகிய ஏர்வாடியே போதும்.

ஏர்வாடியில் சுல்தான் செய்யிது இப்ராகீம் ஷஹீது அவர்களின் தர்கா உள்ளது. மனநோயுற்றாரை அங்குக் கொணர்ந்து தங்கவைத்தால் நோய் தீரும் என்னும் நம்பிக்கையாற் பல சமயத்தாரும் அவ்வூரை நாடி வந்தனர். வந்தோரை வைத்துக் காப்பதாகக் கூறித் தனியார் பலர் விடுதிகள் நடத்தினர். அவற்றுள் ஒன்றில் 2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் விடியற்காலையில் தீப்பற்றியது. தங்கியிருந்த இடமோ கீற்றுக் கொட்டகை. தங்கியிருந்தவரோ சங்கிலியாற் பிணிக்கப்பட்டவர். ஓட இயலாது 25 பேர் மாண்டனர்; பின்னர் இறந்தோரையுஞ் சேர்த்து உயிரிழந்தோர் 28 பேராயினர்.

இச்செய்தியை நாட்டின் முன்னணி நாளிதழ்கள் வெளியிட்டன. உச்சநீதிமன்றப் பதிவாளர் அச்செய்தியைச் சுட்டி ஒரு குறிப்பு எழுதி மன்றத்தின்முன் வைத்தார். வழக்குத் தொடுப்பார் எவருமின்றியே மன்றம் அக்குறிப்பை மனுவாக ஏற்றுக்கொண்டது. ஆகஸ்டு 13ஆம் நாள் அத்தகைய விடுதிகள் மூடப்பட்டன. அங்கிருந்த 500க்கு மேற்பட்டோர் அரசின் பொறுப்பில் வந்தனர். மனநோயாளரைச் சங்கிலியிற் பிணித்தல் சட்டத்துக்கு மாறென்பதைச் சிற்றூர்தோறும் மக்களுக்கு உணர்த்துமாறு 2002ஆம் ஆண்டில் மன்றம் அரசுகளைப் பணித்தது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் அவ்வாறு பிணித்தலை எவ்வகையினுங் கூடாதெனத் தடுத்தது.

நாளிதழ்ச் செய்தி அணிநலம் வேண்டி எழுதப்படுவதன்று. ஆயினும் அஃது உள்ளங்களை அசைத்தது எவ்வாறு? தீயினால் மாந்தர் இறத்தல் எங்கும் நிகழ்வதே. ‘சங்கிலி’ என்னும் ஒரு சொல்லே இச்செய்தியைப் படித்தவர் நெஞ்சைப் பிடித்தது.

இவ்வுண்மையை நம் முன்னோர் நன்கறிந்திருந்தனர். தொல்காப்பியம் மெய்ப்பாடுகள் எட்டென வகுத்து, அவற்றுள் அழுகை தோன்றுதற்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை என்னும் நான்கினைக் காரணமாகக் கூறுகின்றது. பிறரால் இகழப்படுதல், உற்றாரை இழத்தல், பண்டை நிலை கெட்டு வருந்துதல், வறுமையுறுதல் ஆகிய இந்நான்கும் ஏர்வாடிக் கொட்டகையில் ஒருங்கே இருந்தன. இவற்றை உள்ளவாறு காட்டுவதே எழுதுவோன் தொழில். அழுகை படிப்போனிடத்துத் தானே பிறக்கும். ‘ஐயகோ! என்னே கொடுமை! நெஞ்சம் வெடிக்கின்றதே!’ என்று பக்கம் நிரப்புவோன் தன் கண்ணீரைக் காட்டுகின்றான், துன்புற்றவனைக் காட்டினானல்லன்.

ஆகவே, உணர்ச்சியோடு எழுத விரும்பும் மாணவர் முதற்கண் நேரிற் சென்று காண்க, கண்டோரைக் கேட்க, நாளும் இடமும் தொகையும் பிழையின்றிக் குறிக்க. எழுதியபின் ஒருநாள் வைத்திருந்து படித்து, தம்மை உருக்கமுடையோராகக் காட்டும்பொருட்டே நிற்கும் சொற்களை நீக்குக. நோயாளனை நோயாக மட்டும் காணாது, ஒரு வீட்டின் மகனாகவும் தாயாகவும் காண்க. மேலும், உற்றாரை அங்குக் கொணர்ந்து விட்டவர் யாவரும் கொடியரல்லர். அருகில் மருத்துவம் கிட்டாமையாலும், நோய் தீரும் என்னும் நம்பிக்கையாலும், அன்பினாலேயே கொணர்ந்தவர் பலர். அவர்தம் துயரையும் அறிந்து எழுதாதான் உணர்ச்சி பாதியே; சினம் மட்டும் உணர்ச்சியாகிவிடாது.

துன்புற்றவனே எழுத வல்லனாயின் அதனினும் ஆற்றல் மிக்கது வேறில்லை. அமெரிக்க நாட்டில் மனநோய் விடுதிகளில் வைக்கப்பட்டுக் குணமடைந்த கிளிபோர்டு பியர்சு என்பார், அங்குத் தாம் பட்ட பாட்டை 1908ஆம் ஆண்டில் நூலாக எழுதினார். அடுத்த ஆண்டே மனநலம் பேணுதற்கென ஒரு தேசியக் குழு அவரது முயற்சியால் அந்நாட்டில் அமைந்தது. எனவே, பிறர்க்காக நாம் எழுதுவதெல்லாம் அவர் தாமே பேசத் தொடங்குமளவும்தான் என்பதை மறத்தலாகாது.

இறுதியாக ஒன்று. ஏர்வாடியில் தீப்பற்றுமுன்னரும் அச்சங்கிலிகள் இருந்தன. அவற்றைக் கண்டு கடந்து சென்றோர் பலர். நாடு முழுதும் அவற்றைக் குறித்துப் பேசியது, மாண்டோரை எண்ணிய பிறகேயாம். நாம் அன்றாடம் கடந்துசெல்லும் வழியில் இன்று எவர் பிணிப்புண்டு கிடக்கின்றார் என்று நோக்குவோமாக. அதனைத் தீப்பற்றுமுன் எழுதுவோமாயின், நாம் கற்ற எழுத்துப் பயனுடையதாகும்.