கேள்வித்தாளை யார் தயாரிப்பது?

மாற்றுத்திறனாளிகளைப் பற்றிய படிப்புகளுக்குத் தமிழ்நாட்டில் பஞ்சமில்லை. சிறப்புக் கல்வியில் பி.எட். தரும் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. பிசியோதெரபி, பேச்சுப் பயிற்சி, செயற்கைக் கால் தயாரிப்பு என்று மருத்துவத்தை ஒட்டிய படிப்புகள் இருக்கின்றன. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனம் 2005 முதல் இயங்குகிறது. இவை எல்லாவற்றுக்கும் அடிப்படைக் கேள்வி ஒன்றுதான்: இந்த மனிதருக்கு என்ன குறை, அதை எந்த அளவுக்குச் சரிக்கட்டலாம்? அவசியமான கேள்விதான், அதைக் குறைத்துப் பேசுவதற்கில்லை. ஆனால் எம்.ஏ. முடித்த ஒரு பெண் பேருந்தில் ஏற முடியாமல் நிறுத்தத்திலேயே நிற்கிறார் என்றால், அவருடைய காலை ஆராய்ந்து பாதி விடைதான் கிடைக்கும். பேருந்தின் தளம் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, அந்த உயரத்தை முடிவு செய்தவர்கள் யார், டெண்டரில் என்ன எழுதியிருந்தார்கள் என்று பார்த்தால்தான் மீதி விடை தெரியும். சென்னையில் தாழ்தளப் பேருந்துக்காக உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்ததே, அந்த வழக்கின் விஷயம் இதுதான். இத்தகைய கேள்விகளைச் சமூகவியல், சட்டம், பொருளியல், வரலாறு, இலக்கியம் ஆகியவற்றின் துணையோடு ஆராயும் துறைக்கு வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் ‘டிஸெபிலிட்டி ஸ்டடீஸ்’ என்று பெயர். தமிழில் மாற்றுத்திறனாளர் ஆய்வியல் என்று வைத்துக்கொள்வோம். நம் பல்கலைக்கழகம் ஒன்று இதைத் தொடங்குமானால் கட்டடமும் நிதியும் இரண்டாம்பட்சம். எந்தப் புலத்தில் வைப்பது, யார் கையில் கொடுப்பது என்பதுதான் முதல் முடிவு. மறுவாழ்வுத் துறையின் பின்கட்டில் ஓர் அறையாகத் தொடங்குவதென்றால், தொடங்காமலே இருந்துவிடலாம் என்பது என் கட்சி.

இவ்வளவு அடித்துச் சொல்லக் காரணம், இந்தத் துறை பிறந்த கதை. இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயரில் லெ கோர்ட் என்ற பராமரிப்பு இல்லம் இருந்தது. கடும் உடற்குறை உடையவர்கள் ஆயுள் முழுக்கத் தங்கும் இடம். அங்கே வாழ்ந்தவர்களில் ஒருவர் பால் ஹண்ட். இரவு எத்தனை மணிக்குப் படுப்பது என்பதைக்கூட நிர்வாகம்தான் முடிவு செய்யும் என்ற நிலையை எதிர்த்து அவரும் தோழர்களும் போராடினார்கள். வெளியாட்கள் வந்து ஆராய்ந்தால் தங்கள் பக்க நியாயம் உலகுக்குத் தெரியும் என்று நம்பி, ஆய்வாளர்கள் வர வேண்டும் என்று அவர்களே கேட்டார்கள். லண்டன் டாவிஸ்டாக் நிறுவனத்திலிருந்து எரிக் மில்லர், ஜெரால்டின் க்வின் இருவரும் வந்தார்கள். அவர்களுடைய நூல் 1972இல் வெளியானது. இல்லவாசிகள் சமூகத்தின் கணக்கில் ஏற்கெனவே செத்தவர்கள், உடலும் சாகும் வரையிலான இடைவெளியை ஓரளவு நல்லபடியாகக் கடக்க உதவுவதே இத்தகைய இல்லங்களின் வேலை என்பது அதன் சாரம். நாங்கள் எந்தப் பக்கமும் சாயாதவர்கள் என்பது ஆய்வாளர்களின் நிலை. ‘ஏன் இவர்கள் சமூகத்துக்கு வெளியே தள்ளப்பட்டார்கள்’ என்ற கேள்வியை அவர்கள் எழுப்பவே இல்லை. தள்ளப்பட்டதை இயற்கை நியதியாக எடுத்துக்கொண்டு, இல்லத்தை எப்படிச் சீராக நடத்துவது என்பதில் இறங்கிவிட்டார்கள். ஹண்ட் அவர்களை ஒட்டுண்ணிகள் என்றே எழுதினார். அந்தக் கட்டுரை அவர் இறந்தபின் 1981இல் வெளிவந்தது. ஆனால் வெறும் கோபத்தோடு அவர் நிற்கவில்லை. 1972 செப்டம்பரில் ‘தி கார்டியன்’ நாளிதழுக்கு ஒரு கடிதம் எழுதி, தங்களுக்கென்று ஓர் அமைப்பு வேண்டும் என்று அழைப்பு விடுத்தார். பின்னால் இந்தத் துறையின் அடித்தளமாக அமைந்த கருத்து அந்த அமைப்பில்தான் உருவாயிற்று: உடற்குறை வேறு, அந்தக் குறை உள்ளவரைச் சமூகம் முடக்கிப்போடுவது வேறு.

கடிதத்தைப் பார்த்து வந்தவர்களில் விக் ஃபிங்கெல்ஸ்டைன் ஒருவர். தென்னாப்பிரிக்காவில் பிறந்தவர், பதின்பருவத்தில் கோலூன்றித் தாண்டும்போது விழுந்து முதுகுத்தண்டு முறிந்து சக்கர நாற்காலிக்கு வந்தவர், நிறவெறி ஆட்சியை எதிர்த்துச் சிறை சென்று, 1968இல் பிரிட்டனில் அடைக்கலம் புகுந்தவர். கறுப்பர்களுக்குத் தனி வாசல், தனிப் பேருந்து, தனிக் குடியிருப்பு என்று பார்த்த கண்ணுக்கு, ஊனமுற்றவர்களுக்குத் தனிப் பள்ளி, தனி வண்டி, தனி இல்லம் என்ற ஏற்பாட்டின் முகம் சட்டென்று பிடிபட்டுவிட்டது. 1975இல் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் ஊனமுற்றவர்களைப் பற்றிய பாடத்திட்டம் ஒன்றை அஞ்சல்வழியில் தொடங்கியபோது அவர் அதில் சேர்ந்தார். பிரிட்டனில் இத்துறையின் பல்கலைக்கழக வாழ்வு அங்கிருந்து தொடங்குவதாகவே சொல்வார்கள். முதல் வடிவம் ஒன்றும் புரட்சிகரமானதல்ல. சமூகத்துக்குள் வாழும் ஊனமுற்றவர் என்பதுபோன்ற பொருளில் தலைப்பு. தொழில்முறையாளர்களின் பார்வை தூக்கல். திருத்தம் செய்யும்போதெல்லாம் பாடம் எழுதுவோரில் மாற்றுத்திறனாளிகளின் பங்கு கூடிக்கொண்டே வந்தது. 1994இல் நிறைவுக்கு வந்தபோது தலைப்பே ‘முடக்கும் சமூகம்’ என்று ஆகியிருந்தது. இருபது ஆண்டுகளில் பிரச்சினை மனிதரின் உடம்பிலிருந்து சமூகத்துக்கு இடம் மாறியதற்குக் காரணம், எழுதுகிற கை மாறியதுதான்.

இதனால் ஆய்வின் தரம் கூடுமா, கோஷம்தான் கூடுமா என்று கேட்கலாம். எண்ணிக்கையை வைத்தே பார்ப்போம். மைக் ஆலிவர் என்ற மாற்றுத்திறனாளிச் சமூகவியலாளர், பிரிட்டிஷ் அரசின் கணக்கெடுப்புக் கேள்விகளை எடுத்து 1990இல் ஒரு காரியம் செய்தார். பொருட்களைப் பிடிக்கவோ திருகவோ முடியாதபடி உங்களுக்கு என்ன கோளாறு என்று அரசு கேட்டிருந்தது. பாட்டில், டப்பா மூடிகளின் வடிவமைப்பில் என்ன கோளாறு இருப்பதால் உங்களால் திறக்க முடியவில்லை என்று அவர் மாற்றினார். கை அதே கைதான், தகவல் வேறு. நம் ஊர்க் கணக்குக்கு வருவோம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடி, அதாவது நூற்றுக்கு 2.21 பேர். உலக மக்களில் 16 விழுக்காடு என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்தியர்கள் உலகத்தாரைவிட ஏழு மடங்கு திடகாத்திரமானவர்கள் என்று யாரும் நம்ப மாட்டார்கள். வீட்டு வாசலில் நின்று, இங்கே ஊனமுற்றவர் யாராவது உண்டா என்று கேட்டால், கல்யாண வயதில் பெண் இருக்கும் வீடு என்ன சொல்லும்? வாஷிங்டன் குழு என்ற பன்னாட்டுப் புள்ளியியல் குழு அந்தச் சொல்லையே எடுக்காமல் ஆறு கேள்விகளை வைக்கிறது. கண்ணாடி போட்டும் பார்ப்பதில் சிரமம் உண்டா, நடக்கவோ படியேறவோ சிரமமா என்கிற ரீதியில் போகும் கேள்விகள். சிரமமே இல்லை என்பதிலிருந்து முடியவே முடியாது என்பது வரை நான்கு விடைகள். கேள்வி மாறினால் எண்ணிக்கை மாறும், எண்ணிக்கை மாறினால் பட்ஜெட் மாறும். இது கோஷமா, ஆராய்ச்சியா?

வேலை கிடைக்குமா என்பது பெற்றோர் கேட்கும் அடுத்த கேள்வி. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அங்கீகரிக்கப்பட்ட குறைபாடுகளை 7இலிருந்து 21 ஆக்கியது. அரசு நிதி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் குறைந்தது 5 விழுக்காடு இடம் கேட்கிறது. ஒவ்வொரு நிறுவனமும் சமவாய்ப்புக் கொள்கை வகுக்க வேண்டும் என்கிறது. இவர்களுடைய உரிமைகளைப் பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் சேர்க்க வேண்டும் என்றும் 39ஆம் பிரிவு சொல்கிறது. இதையெல்லாம் செயல்படுத்தத் தெரிந்தவர்கள் வேண்டும். ஹைதராபாத் நல்சார் சட்டப் பல்கலைக்கழகத்தில் இதற்கென்று ஒரு மையம் இருக்கிறது. பொது இடங்களில் அணுகல் வசதி குறித்த ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் நாட்டு நிலைமையை ஆராயச் சொன்னது அந்த மையத்திடம்தான். அதன் அறிக்கையைப் பரிசீலித்த நீதிமன்றம், 2024 நவம்பரில், இச்சட்டத்துக்கு ஒன்றிய அரசு வகுத்த விதிகளில் 15ஆம் விதி மூலச் சட்டத்துக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. சட்டம் கட்டாயமாக்கியதை விதி வெறும் பரிந்துரையாக நீர்த்துப்போகச் செய்திருந்தது. எந்த மருத்துவக் கல்லூரியும் கண்டுபிடித்திருக்க முடியாத நோய் இது. என்றாலும் பட்டம் வாங்கினால் வேலை உறுதி என்று விளம்பரம் செய்யக் கூடாது. பி.ஏ.வில் தொடங்குவதும் அவசரம். சிறிய எம்.ஏ. ஒன்று, அதோடு சிவில் பொறியியல், கட்டடக்கலை, சட்டம், ஆசிரியர் பயிற்சி மாணவர்கள் எல்லோருக்கும் ஒரு தாள் என்று தொடங்குவதே உசிதம். சாய்தளத்தை வாசலில் போட்டுவிட்டுக் கழிப்பறைக் கதவைக் குறுகலாக வைக்கும் பொறியாளரை உருவாக்காமல் இருந்தாலே அந்தத் தாள் செலவை ஈடுகட்டிவிடும்.

கனமான மறுப்பு வேறொன்று. எல்லாம் சமூகத்தின் குற்றம் என்றால் வலி? தசைநோய் முற்றுவதும் வலிப்பு வருவதும் சாய்தளம் கட்டினால் தீருமா? இதை முதலில் கேட்டவர்கள் எதிரிகள் அல்லர். ஜென்னி மாரிஸ், லிஸ் க்ரோ போன்ற மாற்றுத்திறனாளிப் பெண்களே 1990களில் துறைக்குள்ளிருந்து இதைக் கேட்டார்கள். டாம் ஷேக்ஸ்பியர் பின்னால் அதை நூலாகவே விரித்தார். உள்ளிருந்தே அடித்தளத்தை அசைத்துப் பார்க்க ஆளிருப்பது ஒரு துறைக்குப் பலம். பிரிட்டிஷ் வாதம் இந்தியாவுக்கு அப்படியே பொருந்தாது என்பதும் உண்மைதான். அங்கே சண்டை பராமரிப்பு இல்லங்களோடு. இங்கே பெரும்பாலோருக்கு இல்லம் என்பதே குடும்பம்தான். அரவணைப்பதும் அதுவே, அடைத்துவைப்பதும் அதுவே, காசில்லாதபோது கைவிடுவதும் அதுவே. 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநலம் குன்றியவர்கள் 28 பேர் தீயில் மாண்டார்கள். அவர்களை அங்கே கொண்டுவிட்ட குடும்பங்களின் கதையில் வறுமை, நேர்த்திக்கடன், அரசு மருத்துவமனையின் தொலைவு, ஊர்ப்பேச்சு எல்லாம் பின்னிக் கிடக்கின்றன. மனநல மருத்துவம் மட்டும் இதை அவிழ்த்துவிட முடியாது, லண்டன் கோட்பாடும் முடியாது. இலக்கியத்திலும் நாமே கேட்க வேண்டிய கேள்விகள் உண்டு. புறநானூற்றின் 28ஆம் பாட்டில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளிக்கு எட்டு வகைக் குறைப்பிறவிகளைப் பட்டியல் போட்டு, பயனற்ற பிறப்பு என்கிறார். கூனும் குறளும் ஊமையும் அதில் உண்டு. அறம் செய்யச் சொல்லும் பாட்டுக்கு அந்தப் பட்டியல் ஏன் தேவைப்பட்டது என்று தமிழ் வகுப்பில் கேட்டுப் பழக வேண்டாமா?

இன்னொரு வேலை இருக்கிறது. அதைத் தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகம் செய்யாவிட்டால் உலகில் வேறு யாரும் செய்யப்போவதில்லை. பார்வையற்ற மாணவர்கள் கணினித் திரையை வாசித்துக் காட்டும் மென்பொருளைக் கொண்டு படிக்கிறார்கள். யூனிகோடில் உள்ள தமிழை அது வாசித்துவிடும். ஆனால் தமிழில் பல ஆண்டுகளாகப் புத்தகங்கள் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அச்சுக் கோக்கப்பட்டு வந்தன. கண்ணுக்கு ‘அம்மா’ என்று தெரிவது கோப்புக்குள் வெறும் ஆங்கில எழுத்துகளாக இருக்கும். மென்பொருள் அதை ‘எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச்’ என்று வாசிக்கும். பக்கத்தைப் படம் பிடித்து ஏற்றிய பிடிஎஃப் என்றால் அதுவும் இல்லை, மௌனம்தான். இவற்றை மென்பொருள் வாசிக்கும் தமிழாக மாற்றுவதே அந்த வேலை. 2020-21 உயர்கல்விக் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் 4.14 கோடி மாணவர்களில் மாற்றுத்திறனாளிகள் சுமார் 79 ஆயிரம் பேர் என்பதற்கு, அதாவது சட்டம் சொல்லும் ஐந்துக்குப் பதில் கால் விழுக்காடுகூடத் தேறாததற்கு, இப்படிப்பட்ட சின்னச் சின்னக் காரணங்களும் உண்டு.

இந்தத் துறைக்கு ஆசிரியர்களை எங்கே தேடுவது என்பது மிச்சம். வேலைவாய்ப்பில் சட்டம் தரும் இடஒதுக்கீடு 4 விழுக்காடு. ஐந்து ஆசிரியர் பணியிடம் உள்ள துறையில் அது 0.2 ஆள். ஆக, இடஒதுக்கீட்டை மட்டும் நம்பினால் இந்தத் துறையிலும் மற்றவர்களே பேராசிரியர்களாகவும் மாற்றுத்திறனாளிகள் பேட்டி கொடுப்பவர்களாகவும் இருக்கும் லெ கோர்ட் ஏற்பாடுதான் திரும்ப வரும். மற்றவர்கள் வரவே கூடாது என்பதல்ல; ஆனால் தொடக்கக் குழுவில் பாதிப் பேராவது மாற்றுத்திறனாளி ஆய்வாளர்களாக இருக்கும்படி, தேர்வுத் தகுதியையும் தேடும் முறையையும் ஆட்சிக்குழு முதல் தீர்மானத்திலேயே எழுதிவிட வேண்டும். பணியிடங்கள் நிரந்தரமானவையாகவும் இருக்க வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழுவின் ஐந்தாண்டுத் திட்ட நிதியில் தொடங்கிய மகளிரியல் மையங்கள் பலவும், 2017இல் திட்டக் காலம் முடிந்தபோது நீடிப்போமா மூடுவோமா என்று தெரியாமல் தவித்தன. ஒப்பந்தப் பேராசிரியரால், தன் பல்கலைக்கழகத்துத் தேர்வுக் கூடம் ஏன் இரண்டாம் மாடியில் இருக்கிறது என்று துணைவேந்தருக்கு எழுத முடியாது.