தாள் சுற்றுமுன் திறந்து காட்டுங்கள்



கொழும்பு–ஹட்டன் வீதியில் மழைக்குப் பேர்போன ஊர் கினிகத்தேனை. நத்தார் நெருங்கினால் அன்பளிப்புக் கடைக்குப் பொம்மையும் கோப்பையும் தேடித் தோட்டத்துத் தாய்மாரும் வருவார்கள். அவர்களின் நாட்கூலி 1,000 ரூபாய் என அரசு விதித்ததே 2021இல்தான். ஈரத்தில் ஊறிய பெட்டியை, கீறல் விழுந்த கோப்பையை வண்ணத்தாளில் மறைத்து விற்றால் கரைவது அவர்களின் வியர்வை அல்லவா?

தானியக் குவியலுக்குள் கைவிட்டு ஈரத்தைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், மக்கள் காணும்படி அதை மேலே வைத்திருக்க வேண்டாமா என வியாபாரியைக் கண்டித்தார்கள். இது ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. வாங்குபவர் எந்த மதத்தவரானாலும் சட்டம் ஒன்றே.

குடும்பக் கடையில் பொதி கட்டுவது உங்கள் கைகளானால், தாள் சுற்றுமுன் பொருளைத் திறந்து காட்டுங்கள். குறையிருந்தால் சொல்லி, விலையைக் குறையுங்கள். பரக்கத் அதில்தான் இருக்கிறது.