பொதியும் பேசவேண்டும்

தீவகத்தை விட்டு 1990, 1991ஆம் ஆண்டுகளில் வெளியேறிய குடும்பங்களில் பல இன்னும் ஊர் திரும்பவில்லை. திரும்பியவர்களிலும் பலருக்கு முதலில் கைகொடுத்தது பனைதான். வளவு பற்றை மண்டிக் கிடந்தபோதும் பனை நின்றது. ஆனால் அந்தப் பனையின் பயன் யாருடைய கைக்குப் போகிறது?

குறிகட்டுவான் துறையில் ஒருநாள் படகுக்காகக் காத்து நின்றேன். நயினாதீவுக்குப் போகும் தென்னிலங்கை யாத்திரிகர் கூட்டம். ஒரு தாய் புழுக்கொடியலைப் பொலித்தீன் பையிலிட்டு, மெழுகுதிரியில் வாயை ஒட்டி விற்றுக்கொண்டிருந்தார். ஒருவர் பையை எடுத்தார், திருப்பித் திருப்பிப் பார்த்தார், வைத்துவிட்டார். இது என்ன, எப்படி உண்பது, எப்போது செய்தது என்று அதில் ஒரு சொல்லும் இல்லை. அவர் பக்கத்துக் கடையில் அச்சிட்ட பொதியொன்றைக் கூடிய விலைக்கு வாங்கிச் சென்றார். அந்தத் தாய் என்னிடம் சொன்னார்: “சுவாமி, அந்தப் பையுக்கை கிடக்கிறதும் நான் குடுத்த ஒடியல்தான்.”

வடிவமைப்பு என்றதும் அலங்காரம், வீண்செலவு என்று நினைக்கிறோம். அப்படியல்ல. எமது பனங்கட்டிக் குட்டானைப் பாருங்கள். சூடான பாகு அதற்குள்ளேயே இறுகுகிறது. அதுவே அச்சு, அதுவே பொதி, தூக்கிச் செல்லவும் வசதி. பார்த்தவுடனேயே இது பனங்கட்டி என்று தெரிகிறது. வாங்குபவரின் கையையும் கண்ணையும் எண்ணிச் செய்வதே வடிவமைப்பு. எமது முன்னோர் அயலவருக்கு விற்றார்கள். குட்டான் போதுமாக இருந்தது. இன்று நாம் எம்மை அறியாதவருக்கு விற்கிறோம். அதற்குத் தேர்ந்த ஒருவரின் உதவி வேண்டும்.

இதைத் தென்னிலங்கையில் நல்லாயன் சபைக் கன்னியர் அறுபது ஆண்டுகளுக்கு முன்பே உணர்ந்தார்கள். வறிய பெண்களுக்காக அவர்கள் நெசவு நிலையங்களை நடத்தினார்கள். பெண்களின் கையில் தொழில் இருந்தது. துணிக்கு நல்ல சந்தை வேண்டியிருந்தது. கன்னியர் பார்பரா சன்சோனி என்ற ஓவியரை உதவிக்கு அழைத்தார்கள். அவர் புதிய நிறச் சேர்க்கைகளையும் கோலங்களையும் வரைந்து கொடுத்தார். அந்த முயற்சியிலிருந்து 1964இல் ‘பெயர்ஃபூட்’ நிறுவனம் பிறந்தது. சன்சோனி 2022இல் காலமானார். கைத்தறித் துணியும் அதில் செய்த பொம்மைகளும் பைகளும் இன்றும் கொழும்பு காலி வீதியில் விற்பனையாகின்றன. தறி அதே தறிதான். வாங்குபவரை அறிந்த ஒரு கண் அதனுடன் சேர்ந்தது.

எம்மால் இது முடியுமா? ஒரு குடும்பம் தனியே வடிவமைப்பாளருக்குக் கூலி கொடுப்பது கடினம். பத்துக் குடும்பங்கள் சேர்ந்தால், அல்லது எமது பனை தென்னை வளக் கூட்டுறவுச் சங்கம் பொறுப்பேற்றால் முடியும். அந்தச் செலவைக் கடகத்துக்கும் சுளகுக்கும் போடும் முதல்போலக் கணக்கில் எழுதுங்கள். வேலையை ஒப்படைக்கும்போது சிலவற்றைக் கவனியுங்கள்.

முதலில் வடிவமைப்பாளரை உங்கள் முற்றத்துக்கு அழையுங்கள். ஒடியல் காயும் வெயிலையும், ஈரம் பட்டால் அது பூஞ்சணம் பிடிப்பதையும் அவர் காணட்டும். ஈரம் புகாத பையைத் தெரிவதும் அவருடைய வேலைதான்.

பொருளின் பெயர், நிறை, சேர்மானம், செய்த திகதி, காலாவதித் திகதி, முகவரி ஆகியவை தெளிவாக இருக்கட்டும். சட்ட விதிகளைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் முன்கூட்டியே கேளுங்கள். தமிழோடு சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதுங்கள். அந்தந்த மொழி தெரிந்தவரிடம் எழுத்துப் பிழை பாருங்கள்.

இரண்டு மூன்று மாதிரிகளைச் செய்து, முன்பின் தெரியாதவரிடம் காட்டுங்கள். உறவினர் எல்லாம் நன்று என்பார்கள். அந்நியர் எதைக் கையில் எடுக்கிறார் என்று பாருங்கள். முடிவான படமும் பெயரும் சங்கத்தின் பெயரிலேயே இருக்கவேண்டும் என்று எழுத்தில் பெறுங்கள்.

ஒன்றை மறவாதீர்கள். நல்ல பொதி ஒரு தடவைதான் விற்றுத்தரும். மறுதடவை விற்பது உள்ளே இருக்கும் ஒடியல். மண்ணும் பூஞ்சணமும் கலந்ததை அழகான பையில் இட்டால் ஊரின் பெயரே கெடும்.

துறையில் கண்ட அந்தத் தாய் விதைத்த பனம்விதை, கிண்டிய கிழங்கு, அவித்த விறகு எல்லாம் அவருடையவை. பையின்மேல் இருந்த பெயர் மட்டும் வேறொருவருடையது. அடுத்த கிழங்குக் காலத்துக்கு முன் உங்கள் சங்கக் கூட்டத்தில் இதைப் பேசுவீர்களா?