உடைமையாளர் சென்ற பின்னும் செல்லாத நஞ்சு

சீனன்குடாக் காட்டினுள்ளே ஆங்கிலேயர் எழுப்பிய எண்ணெய்க் குதங்கள் பல, கொடி படர்ந்து, தசாப்தக் கணக்காகப் பயனற்றுக் கிடப்பதைக் கண்டு வளர்ந்த திருகோணமலை மக்களாகிய நமக்கு, ஒரு தொழில் நின்றுபோவது வேறு, அது நிலத்தைவிட்டு நீங்குவது வேறு என்பதை எவரும் விளக்க வேண்டியதில்லை. சாம்பியா நாட்டுக் கப்வே நகரில், 1994இல் மூடப்பட்ட ஈயச் சுரங்கத்தின் கழிவுமேடுகளிலிருந்து கிளம்பும் தூசி, அவ்வூர்க் குழந்தைகளின் இரத்தத்தில் இன்னமும் ஈயத்தை ஏற்றி வருகின்றது. ஈயமும் பாதரசமும் மூலகங்கள். அவற்றை எரித்தோ அழுகவிட்டோ இல்லாமற் செய்ய இயலாது, இடம் மாற்றத்தான் இயலும்.

இந்த உண்மையைத் தமிழ்நாடு கொடைக்கானலில் அனுபவித்தறிந்தது. அமெரிக்காவிலிருந்து பெயர்த்துக் கொணரப்பட்டு, 1980களில் அம்மலைமேல் நிறுவப்பட்டு, பின்னர் இந்துஸ்தான் லீவர் வசமான வெப்பமானித் தொழிற்சாலையின் பாதரசம் படிந்த உடைந்த கண்ணாடி, 2001 மார்ச் மாதத்தில் மூஞ்சிக்கல் பழையபொருட் கிடங்கொன்றில் குவிந்து கிடப்பதைப் பொதுமக்களும் சூழல் ஆர்வலர்களும் அம்பலப்படுத்த, ஆலை மூடப்பட்டது. 2003இல் ஏறக்குறைய 290 தொன் கழிவு தூத்துக்குடியிற் கப்பலேறி, மீட்டெடுப்புக்காக அமெரிக்கா சென்றது. தன் நஞ்சைத் தானே திரும்பப் பெறும்படி ஒரு செல்வந்த தேசத்தை ஓர் ஏழை மலையூர் இணங்கச் செய்தது அபூர்வமான வெற்றி என்றே கருதுகின்றேன்.

ஆயினும் மண் அங்கேயே இருந்தது. ஆலையின் பின்புறச் சரிவு பாம்பாற்றுச் சோலைக்குள் இறங்குவது. அங்கு ஊறும் நீர் சமவெளி நோக்கிச் செல்வது. மண்ணைக் கழுவி, பாதரசம் பற்றியிருக்கும் நுண்துகளைப் பிரித்து, அதனைச் சூடேற்றி ஆவியாக்கிக் குளிர்வித்துச் சேகரிப்பதே வகுக்கப்பட்ட முறை. எவ்வளவு எஞ்சினால் சுத்தம் என்பதிலேதான் வழக்கு மூண்டது. ஒரு கிலோகிராம் மண்ணில் 20 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்று அதிகாரிகள் வரையறுத்தனர். அது மிகத் தளர்வானதென்று ஆர்வலர் வாதாடினர். வரம்பை இறுக்கினால் மேலும் மண்ணைத் தோண்டவும் மரங்களை வீழ்த்தவும் நேருமென்ற எதிர்வாதம் முற்றிலும் பொய்யன்று. ஆனால் மரத்தைக் காக்கும் அக்கறை, மாசைச் சுமப்போரின் செலவில் பிறக்கும்போது என் மனம் அதனை ஏற்க மறுக்கின்றது.

பாதரச ஆவியைச் சுவாசித்து வேலை செய்த தொழிலாளருள் 591 பேர் தொடுத்த வழக்கு, பதினைந்து வருஷப் போராட்டத்தின் முடிவில், 2016 மார்ச் மாதத்தில் உடன்படிக்கையாய் முடிந்தது. மனிதாபிமான அடிப்படையில் வழங்குவதாகக் கம்பெனி கூறிய தொகை எவ்வளவென்பது வெளியிடப்படவில்லை.